நெஞ்சில் அணிந்தது நெஞ்சில் உள்ளதா?

தேர்தல் வந்துவிட்டால் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தலைவரின் படம் பொறித்த தொப்பியும் ரீசேட்டும் இளைஞர் மேல் ஏறிவிடுகின்றன. வழக்கம் பழையது. 1789இல் வாஷிங்டன் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியாகப் பதவியேற்றபோதே அவரைப் போற்றும் உலோகப் பொத்தான்களை மக்கள் உடையில் தைத்துக்கொண்டார்கள். 1860இல் லிங்கனின் புகைப்படம் பதித்த சிறு பதக்கங்கள் வந்தன. 1896இல் மக்கின்லியும் பிரையனும் மோதியபோது, செலுலோயிட் மூடிய ஊசிப் பொத்தான்கள் மலிவாகவும் பெருவாரியாகவும் செய்யப்பட்டன. மலிந்தபின், அணிபவன் அதற்காக எதையும் இழக்க வேண்டியிருக்கவில்லை.

அப்படியாயின், சின்னம் அணிவது சாட்சியமா, வெறும் வேஷமா?

நம் நாட்டிலேயே இதற்கு விடை உண்டு. முதலாம் உலகப் போரின் நினைவாக நவம்பர் 11ஆந் திகதி விற்கப்பட்ட பொப்பிப் பூவின் பணத்திற் பெரும்பகுதி பிரித்தானியாவுக்கே போயிற்று. அதை எதிர்த்து 1931இல் சூரியமல் இயக்கம் எழுந்தது. பொப்பிக்குப் பதிலாக நம் வேலியோரத்துப் பூவரசம்பூவை அணியச் செய்தார்கள். 1933 முதல் அது ஏகாதிபத்திய எதிர்ப்பின் சின்னமாயிற்று. 1934-35இல் மலேரியா பல்லாயிரம் உயிர்களைக் குடித்தபோது, அப்பூவை விற்றவர்களே கேகாலைப் பகுதிக் கிராமங்களுக்கு மருந்தும் உணவும் கொண்டுபோனார்கள். என்.எம். பெரேராவைக் கிராமத்தவர் ‘பருப்பு மாத்தயா’ என்றே அழைத்தார்கள். அப்பெயரைத் தந்தது சட்டையிலிருந்த பூவன்று, கையிலிருந்த பருப்பு!

சின்னம் மனிதரைப் பிரிக்கவும் செய்யும். நெற்றிப் பொட்டையும் பேச்சையும் அடையாளமாகக் கொண்டு ஆள் தேடியதை 1958இலும் 1983இலும் கண்ட நகரம் இது. அயலவனின் முகத்தைப் பாராமல் அடையாளத்தைப் பார்க்கும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் கழுத்திலும் சுரூபமும் உத்தரியமும் உண்டு. மறைவாக்குப் பட்டைகளை அகலமாக்கிய பரிசேயரை இயேசு கடிந்தது, அவற்றை அணிந்ததற்காக அன்று. பிறர் காணவேண்டுமென்றே அணிந்ததற்காக.

எனவே பெற்றோரே, மகன் தலைவரின் படத்தோடு வாசலைத் தாண்டும்போது மறிக்க வேண்டாம். இரவு திரும்பியதும், “இதை அணிந்துகொண்டு இன்று யாருக்கு என்ன செய்தாய், மகனே?” என்று அன்போடு கேளுங்கள். அதே கேள்வியை நம் கழுத்துச் சுரூபமும் நம்மிடம் கேட்கட்டும்.