பழைய முதலாம் இலக்கம்

1990ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் மேல் நீதிமன்றத்தில் விசித்திரமான வழக்கொன்று விசாரணைக்கு வந்தது. வழக்கின் பொருள் ஒரு மோட்டார் வண்டி. பென்ட்லி கம்பனி செய்த 'ஸ்பீட் சிக்ஸ்' வகைப் பந்தய வண்டிகளுள் 'ஓல்ட் நம்பர் வன்', அதாவது 'பழைய முதலாம் இலக்கம்' என்று பெயர் பெற்றது அது. பிரான்சிலே லெ மான் நகரில் நடைபெறும் இருபத்துநான்கு மணிநேர ஓட்டப் போட்டியில் 1929இலும் 1930இலும் முதலிடம் பெற்ற வண்டி. அதன் சொந்தக்காரர் அதனை ஒரு கோடிப் பவுணுக்கு விற்க உடன்பட்டார். வாங்க உடன்பட்ட கம்பனியோ பின்னர் மறுத்துவிட்டது. லெ மானில் வென்ற வண்டி இதுவன்று என்பது மறுத்தவர்களின் வாதம்.

அவ்வாதத்தை வெறும் சாட்டென்று தள்ளிவிட முடியாது. 1929இல் ஓடிய வண்டியின் பாகங்களுள் ஏறக்குறைய ஒன்றுமே எஞ்சியிருக்கவில்லை என்பதை நீதியரசரே ஏற்றுக்கொண்டார். 1930ஆம் ஆண்டில் இருந்த வண்டியிலிருந்து எஞ்சியவை கியர்ப்பெட்டியின் கூடு, மிதிகட்டைகளைத் தாங்கும் தண்டு, சுக்கான் தண்டு என்பன. எஞ்சினோ 1932இல் ஏற்றப்பட்ட எட்டு லீற்றர் எஞ்சின். அடிச்சட்டமும் பழையதன்று. ஆயினும் தீர்ப்பு விற்றவர் பக்கமே அமைந்தது. இவ்வண்டியின் வரலாறு இடையறாது தொடர்ந்து வந்துள்ளது. இடையில் எந்த நாளிலும் இது இல்லாமற்போய் வேறொன்று இதன் பெயரை ஏற்கவில்லை. ஆகவே அப்பெயருக்கு உரியது இதுவே என்பது தீர்ப்பின் சாரம்.

வினா புதியதன்று. ஏதென்சு நகரத்தார் தீசியசின் கப்பலைப் பேணிவந்த கதையைப் புளூட்டார்க் கூறியிருக்கிறார். உக்கிய பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் புதிய பலகைகளைப் பொருத்தி வந்தால் இறுதியில் நிற்பது அதே கப்பலா? கழற்றிய பலகைகளைச் சேர்த்து இன்னொரு கப்பலைக் கட்டினால் எது தீசியசினுடையது என்று 17ஆம் நூற்றாண்டிலே ஹொப்ஸ் மேலும் சிக்கலாக்கினார். நமக்கு இன்னும் அணித்தாகவுள்ள பாளி நூலாகிய மிலிந்த பஞ்ஞவிலோ நாகசேனர் என்னும் பிக்கு, மிலிந்த மன்னனிடம் அவன் ஏறிவந்த தேரைப் பற்றியே வினவுகிறார். அச்சு தேராகுமா? சில்லு தேராகுமா? நுகம் தேராகுமா? ஒன்றும் ஆகாது, இவற்றைச் சார்ந்து வழங்கும் பெயரே தேர் என்று மன்னன் ஒப்புக்கொள்ள வேண்டியதாகிறது.

இவற்றைப் படிக்கும்போதெல்லாம் இலக்கணம் கற்பிக்கும் எனக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. பலகை மாற்றப்பட்டது, சில்லு மாற்றப்பட்டது, எஞ்சின் மாற்றப்பட்டது என்று செயப்பாட்டு வினையிலேயே பேசுகிறோம். செயப்படுபொருள் எழுவாயாகி முன்னே வந்து நிற்கிறது. செய்தவனோ மூன்றாம் வேற்றுமை உருபோடு பின்னே தள்ளப்பட்டு, வேண்டாதபோது அறவே விடப்படுகிறான். கப்பலைப் பற்றி இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பேசியவர்கள் தச்சனைப் பற்றிப் பேசியதாக நான் காணவில்லை. ஆனால் மாற்றம் தானாக நிகழ்வதன்று. 'இடையறாத வரலாறு' என்று நீதியரசர் எதனைக் கண்டாரோ அதனை இடையறாமற் காத்தவர்கள் யார்?

அந்த எஞ்சினின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். ஸ்பீட் சிக்ஸ் ஆறு உருளைகள் கொண்ட ஆறரை லீற்றர் எஞ்சின். உருளைக்கு நான்காக இருபத்துநான்கு வால்வுகள். பெரும்பாலான எஞ்சின்களில் உருளைகளின் மேலுள்ள தலைப்பகுதியைத் தனியே கழற்றலாம். இதிலோ தலையும் உருளைத் தொகுதியும் ஒரே வார்ப்பு. வால்வொன்று இருக்கையிற் சரிவரப் படியாவிட்டால், அந்தக் கனத்த வார்ப்பிரும்பு முழுவதையும் தூக்கியெடுத்துக் கவிழ்த்து, உருளையின் உட்புறத்தாலே கையை நுழைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். வால்வுகளைத் திறக்கும் மேற்றண்டை இயக்குவன புகைவண்டி எஞ்சினிற் காண்பது போன்ற மூன்று தண்டுகள். இதனை அமைத்த டபிள்யூ. ஓ. பென்ட்லி இளமையில் டொன்காஸ்ரர் புகைவண்டிப் பட்டறையிலே தொழில் பழகியவர். அப்பட்டறையின் சாயல் எஞ்சினிலும் தெரிகிறது.

எஞ்சினுக்குப் பின்னே கியர்ப்பெட்டி. அக்காலத்துப் பெட்டியில் பற்சில்லுகளின் வேகத்தைத் தானே இணக்கும் பொறி இல்லை. ஓட்டுபவன் அவசரப்பட்டு மாற்றினால் பற்களின் விளிம்பு சிதறும். சிதறிய சில்லை எடுத்து வேறொன்றைச் செதுக்கிப் பொருத்துபவன், மெல்லிய தகடுகளை இட்டு, தண்டு முன்னும் பின்னும் அசையும் அளவை அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்குக் கணக்கிற் சரிசெய்கிறான். பின்னச்சிலே பெரிய பற்சில்லும் சிறிய பற்சில்லும் கூடும் இடத்தில் நீலச் சாயத்தைப் பூசிச் சுழற்றிப் பார்க்கிறான். பல்லின் நடுவே தடம் விழவேண்டும். ஓரத்தில் விழுந்தால் அழித்துவிட்டுத் தகட்டை மாற்றி மறுபடியும் தொடங்குகிறான். ஒருநாட் பொழுது இப்படியே கழிவதுண்டு. சரியாக முடிந்த வேலைக்கு அடையாளம் ஓசையின்மை. அதாவது, அவன் செய்ததை ஒருவரும் கேளாதிருப்பதே அவன் வெற்றி.

ஈண்டு அறம் பற்றிய கேள்வி தொடங்குகிறது. உருளைத் தொகுதி வெடித்துவிட்டதென்று வைத்துக்கொள்வோம். வெடிப்பின் வழியே வரிசையாகத் துளையிட்டு ஆணிகளை இறுக்கித் 'தைத்து' பழையதைக் காப்பாற்றலாம். அல்லது புதிதாக வார்க்கலாம். ஓடுவதற்குப் புதியது நல்லது. சந்தையோ வேறு கேள்வி கேட்கிறது: எஞ்சினில் பொறித்த இலக்கமும் தொழிற்சாலைப் பதிவேட்டிலுள்ள இலக்கமும் ஒன்றா? ஒன்றானால் ஒரு விலை, வேறானால் வேறு விலை. இதனாலே பழைய வார்ப்பைப் பெட்டியிற் பூட்டிவைத்துப் புதியதில் ஓடுவோர் உளர். புதிய வார்ப்பிலே பழைய இலக்கத்தை அடித்துவிடும்படி கேட்போரும் உளர். அடிக்கும் கை தொழிலாளியின் கைதான். அவன் குற்றமற்றவன் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் நான்கைந்து எண்களை ஒரு மனிதனின் பல மாத உழைப்பினும் மேலாக மதிக்கும் சந்தையை விட்டுவிட்டு அவனை மாத்திரம் கூண்டில் ஏற்றுவது எவ்வகை நியாயம்?

செல்வர் வீட்டு விளையாட்டுப் பொருளைப் பற்றி நமக்கென்ன கவலை என்று நண்பர் சிலர் கேட்கக்கூடும். அச்செல்வத்தின் ஊற்றையும் சற்றுப் பார்க்கட்டும். இரு முறையும் அவ்வண்டியை ஓட்டி வென்றவர்களுள் ஒருவர் வூல்ஃப் பார்னாட்டோ. 1926இல் தள்ளாடிக்கொண்டிருந்த பென்ட்லி கம்பனிக்குப் பணமிட்டு அதன் தலைவரானவரும் அவரே. பணம் வந்த இடம் தென்னாபிரிக்காவின் கிம்பர்லி வைரச் சுரங்கம். அவர் தந்தை பார்னி பார்னாட்டோ 1888இல் டி பியர்ஸ் கம்பனியோடு இணைந்த பெருமுதலாளி. ஒப்பந்தக் காலம் முடியும்வரை வெளியே செல்லவிடாது வேலி சூழ்ந்த முகாம்களிலே அடைக்கப்பட்டு அந்த மண்ணைத் தோண்டியவர்கள் ஆபிரிக்கத் தொழிலாளர். ஒரு கோடிப் பவுண் வண்டியின் 'இடையறாத வரலாறு' கிரிக்கிள்வுட்டிலிருந்த பட்டறையிலே தொடங்கவில்லை. அதற்கு முன்பே, நிலத்தின் அடியிலே தொடங்கிவிட்டது. அந்தப் பணத்தாலும் கம்பனி பிழைக்கவில்லை. 1931இல் அது முறிய, ரோல்ஸ் ரோய்ஸ் வாங்கிக்கொண்டது.

இன்னொரு செய்தியும் உண்டு. 1932இல், எட்டு லீற்றர் எஞ்சின் பூட்டிய இவ்வண்டியைப் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்திலே ஓட்டியவர் கிளைவ் டன்ஃபீ. வண்டி சரிந்த தடத்தின் மேல்விளிம்பைத் தாண்டிப் போயிற்று, அவர் இறந்தார். சிதைந்த வண்டியை மீண்டும் கட்டினார்கள். சிதைந்த மனிதனை அவ்வாறு கட்ட இயலாது. பொருளுக்கு மாத்திரம் வாய்த்த இந்த மறுபிறப்பை வைத்துக்கொண்டு மனிதனின் தன்மையை விளக்க முற்படும் தத்துவம் எனக்கு முழுமையாகப் படவில்லை. நாகசேனருடன் நான் முரண்படுவது இவ்விடத்தில் மட்டுமே.

பழைய வண்டிகளைப் பேணுவோரின் சர்வதேச அமைப்பு 2013இல் தூரின் சாசனம் என்றொன்றை உறுதிப்படுத்தியது. செய்த வேலைகளைப் பதிவு செய்ய வேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. நல்லது. ஆனால் பதிவேட்டிலே எந்தப் பாகம், எந்த ஆண்டு என்று எழுதுபவர்கள் எந்தக் கை என்றும் எழுதலாமல்லவா? 1920இல் சிறுவனாகப் பென்ட்லியிற் சேர்ந்த வால்ட்டர் ஹாசனின் பெயர் நமக்குத் தெரிகிறது. பிற்காலத்தில் ஜாகுவார் எஞ்சின்களை உருவாக்கியோருள் ஒருவராக அவர் உயர்ந்தமையே காரணம். உயராதவர்களின் பெயர்கள் எங்கே? ஓவியன் தன் படத்தில் ஒப்பமிடுகிறான். புதிய உருளைத் தொகுதியை வார்த்தவனும் பற்சில்லை வெட்டியவனும், பழைய இலக்கத்தைத் திருட்டுத்தனமாக அடிப்பதை விட்டு, தங்கள் பெயரையும் ஆண்டையும் அதிலே அடித்துவிடட்டும். அதனால் வண்டியின் விலை குறைந்துவிடும் என்பார்கள். குறையட்டுமே.