கருவியை வணங்குபவன் அதை மாற்றலாமா?

ஆயுத பூஜையன்று திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் உள்ள தொழிற்சாலைகளில் லேத் இயந்திரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, பொரி கடலை படைத்து, பூசணிக்காய் உடைத்துக் கற்பூரம் காட்டுவதைக் காண்போர் சிலருக்கு ஒரு சந்தேகம் எழுவதுண்டு. தெய்வமென்று கைகூப்பிய கருவியிலே குறை காண்பதும், இதை வேறு விதமாக அமைத்தால் என்ன என்று சிந்திப்பதும் அபசாரம் ஆகாதா? நம்மவரிடம் புதுமை நாட்டம் குன்றியதற்கு இந்தப் பக்தியே காரணம் என்று தீர்ப்புக் கூறுவோரும் உளர். சங்காரத்தையும் உயிர்களுக்கு இளைப்பாறுதல் தரும் அருட்செயலாகவே கொண்ட சைவ சித்தாந்தத்தை அறிந்தவர், பழையதை நீக்குவது பக்திக்கு முரணன்று என்பதை உணர்ந்தவராதலால், அவ்வளவு விரைவில் தீர்ப்புக் கூறமாட்டார்.

திருவொற்றியூரிலேயே செக்குத் தொழில் புரிந்தவர் கலிய நாயனார். அவ்வூர்ச் சிவன் கோயிலில் அல்லும் பகலும் விளக்கெரிப்பதையே விரதமாகக் கொண்ட அவர், செல்வம் கரைந்தபோது தம் குலத்தாரின் எண்ணெயை வாங்கி விற்று அக்கூலியால் விளக்கேற்றினார். அதுவும் தடைப்படவே பிறர் செக்கிலே கூலியாளாக உழைத்தார். கூலி வேலையும் அரிதாகவே வீட்டை விற்றார். மனைவியை விற்க முனைந்ததாகப் பெரியபுராணம் கூறும் பகுதியை என் மனம் இன்றும் ஏற்கவில்லை. ஏற்க வேண்டுமென்ற நிர்ப்பந்தமும் இல்லை. ஆயினும், இறுதியில் தம் உதிரத்தையே எண்ணெயாக்கத் துணிந்து கழுத்தை அரியத் தொடங்கி, இறைவனால் தடுத்தாட்கொள்ளப்பெற்ற அவ்வடியாரின் சரித்திரத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. விளக்கு அணையக் கூடாது என்ற லட்சியத்தை அவர் எள்ளளவும் மாற்றவில்லை. ஆனால் அதற்கான உபாயம் எதையும் மாற்றத் தகாததென்று அவர் கருதியதுமில்லை. பக்தி முற்றிய இடத்தில்தான் உபாயங்கள் இவ்வளவு சுலபமாகக் கைவிடப்பட்டன.

இதே கோயிலுக்கு, ஏழுகிணறுப் பகுதியில் வாழ்ந்த காலத்தில், இராமலிங்க அடிகள் அடிக்கடி வந்து உருகிப் பாடினார். பின்னாளில், 1872-இல், வடலூரில் அவர் நிறுவிய சத்திய ஞான சபையில் விக்கிரகம் இல்லை. ஏழு திரைகளுக்கு அப்பால் ஜோதி ஒன்றே உண்டு. மரபைத் துச்சமாக எண்ணியவரால் அன்று, அதிலே ஊறித் திளைத்தவரால்தான் அந்த மாறுதல் நிகழ்ந்தது. அவர் பாடல்களை அருட்பா என்பது தகாதென ஆறுமுக நாவலர் போன்ற பெரும்புலவரே எதிர்த்ததையும் நினைக்கும்போது, புதிய சிந்தனைக்கு ஆலைகளில் வரவேற்பு கிடைக்காதது குறித்து நாம் வியப்படைய நியாயமில்லை.

மாறுதல் யாவும் நன்று என்றும் நான் சொல்லவில்லை. 1955-இல் புல்லட் மோட்டார் சைக்கிள் தயாரிக்கத் தொடங்கிய என்பீல்டு நிறுவனத்தின் திருவொற்றியூர் ஆலையில், பெட்ரோல் டாங்கின்மீது ஓடும் பொன்னிறக் கோட்டை இயந்திரத்திடம் ஒப்படைக்காமல் கைத்தேர்ச்சி மிக்க தொழிலாளரே தூரிகை கொண்டு இழுத்து வந்தனர். எதை விடுவது, எதைக் காப்பது என்ற விவேகம் அந்தப் பொருளோடு நாள்தோறும் பழகும் கைக்கே முதலில் சித்திக்கிறது.

அந்தக் கையின் சொல்லைக் கேட்பார் இல்லாததே மெய்யான குறை. இயந்திரத்தின் சத்தம் ஒரு மாத்திரை பேதித்தாலும் உணரும் தொழிலாளி, தன் யோசனையை மேஸ்திரியிடம் சொல்லி, ‘உன் வேலையைப் பார்’ என்ற விடையைப் பெற்று மௌனமாகிறான். அந்த மௌனத்தை அடக்கமென்றும் சிரத்தையென்றும் நாம் மெச்சுகிறோம். இந்தப் பழியை, பூஜையன்று நாம் வணங்கும் சரஸ்வதியின்மீது சுமத்துவது அநியாயம். நம் பதவி மோகம் செய்த காரியம் இது.

ஆலை நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். பூஜைக்கு மறுநாளாகிய விஜயதசமி நாம் வித்தையைத் தொடங்கும் நாள். அன்று அந்தந்த இயந்திரத்தை ஓட்டுபவரை அழைத்து அமரச் செய்து, இதில் எதை மாற்றலாம் என்று கேளுங்கள். அவர் சொன்னது பலித்தால் பெயரும் பரிசும் அவருக்கே சேரட்டும். அவர் ஒப்பந்தத் தொழிலாளி என்பதற்காக அவற்றை மறுத்துவிடாதீர்கள்.