பூச்சும் பொய்யும்

மரத்துக்குப் பெயிண்ட் அடிப்பது தவறு என்று கருதுகிறவர்கள் இருக்கிறார்கள். ரசனைக் குறைவு என்ற அர்த்தத்தில் மட்டும் அல்ல, தார்மீகமாகவே தவறு என்று. அமெரிக்காவில், கார் நிறுத்தக் கட்டிய கராஜைத் தச்சுப் பட்டறையாக்கி, ஓய்வு நேரங்களில் நாற்காலியும் அலமாரியும் செய்துகொண்டிருப்பவர்களிடம் இந்த எண்ணம் ஏறக்குறைய மதநம்பிக்கையாக இருக்கிறது. அந்தக் கராஜ்கள் பலவற்றின் சுவர்களில் முன்பு குடியிருந்த யாரோ அறைந்துவிட்டுப்போன பலகைகள் உண்டு. வருஷங்கள் போகப்போக அவை கருத்து, போடுகிற வெளிச்சத்தையெல்லாம் தின்றுவிடுகின்றன. சுழலும் ரம்பத்தின் முன் நிற்கிறவனுக்கு நிழல் என்பது ரசனைப் பிரச்னை அல்ல, விரல் பிரச்னை. வெள்ளை அடித்தால் தீர்ந்தது. இது தெரிந்தும் கை தயங்குகிறது. இந்தத் தயக்கத்தைக் கேலிக்குரியதாக நான் நினைக்கவில்லை. ஒரு பொருளை மூடுவது அதைப் பற்றிப் பொய் சொல்வதாகுமா என்ற கேள்வி, மங்கலாகவேனும், அதற்குள் இருக்கிறது.

கேள்விக்கு வம்சாவளி உண்டு. 1849ல் ஜான் ரஸ்கின் கட்டடக் கலைக்கு ஏழு விளக்குகளை ஏற்றிவைத்தபோது அவற்றில் ஒன்றுக்கு உண்மை என்று பெயரிட்டார். அவர் எண்ணிச் சொன்ன வஞ்சனைகளில் ஒன்று, ஒரு பொருளின் மேற்பரப்பை இன்னொரு பொருள்போலத் தீட்டுவது. மரத்தைச் சலவைக்கல்லாகக் காட்டுவது. ரஸ்கினைப் படிக்காமலேயே ரஸ்கின்வாதிகளாக ஆகிவிட்டவர்கள் இதை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். அதே இடத்தில் அவர் சொன்ன இன்னொன்றை விட்டுவிட்டார்கள். செங்கல் சுவரின் மேல் காரை பூசி, அந்தக் காரையில் கல் அடுக்கியதுபோலக் கோடு கிழித்தால் அது பொய். காரை பூசி அதன்மேல் சித்திரம் எழுதினால் அதில் குற்றமில்லை. சுவரே சித்திரத்தால் ஆனது என்று யாரும் ஏமாறப்போவதில்லை. மூடுவது வேறு, வேஷம் கட்டுவது வேறு.

1898ல் வியன்னாவில் அடால்ஃப் லூஸ் இதையே ஒரு சட்டமாகச் சுருக்கினார். மூடும் பொருளை மூடப்பட்ட பொருளென்று மயங்க வழி இருக்கக்கூடாது என்பது சட்டம். அதிலிருந்து அவர் மரத்துக்கு வருகிறார். எந்த நிறமும் அடிக்கலாம், விலக்கு ஒன்றே ஒன்று, அது மரத்தின் நிறம். அலங்காரத்தின் எதிரி என்று மட்டுமே நம்மால் அறியப்பட்ட ஒருவர் பூச்சின் பக்கம் நின்று பேசுவது முதலில் வேடிக்கையாகத் தோன்றலாம். மலிவான மரத்துக்கெல்லாம் மஹாகனிச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு நகரத்தைப் பார்த்து எழுதியது அது என்று தெரிந்தால் வேடிக்கை போய்விடும். பச்சை அடித்த பலகை தன்னைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. மஹாகனிச் சாயம் ஏற்றிய பைன் பலகை வாய் திறந்து பேசுகிறது, பேசுவது பொய்.

இதை வைத்துக்கொண்டு அந்தக் கராஜ் சுவரைப் பார்க்க வேண்டும். பல கராஜ்களில் அங்கே அறைந்திருப்பது பலகையே அல்ல. 1924ல் மிஸிஸிப்பி மாநிலத்து லாரலில் வில்லியம் மேஸன் என்பவர், மர அறுவை ஆலைகளில் வீணாகும் துண்டுகளை நீராவி அழுத்தத்தில் வெடிக்கச் செய்து நார்நாராக்கி, அந்த நாரை அழுத்தித் தகடாக்கும் வழி கண்டார். ஹார்ட்போர்டு என்கிறோமே, அதுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்தத் தகட்டின் மீதும் மெல்லிய ஒட்டுப்பலகையின் மீதும் வால்நட் போன்ற உயர்ந்த மரங்களின் ரேகையை அச்சடித்து, 4 அடிக்கு 8 அடித் துண்டுகளாக விற்றார்கள். தனித்தனிப் பலகைகளைச் சேர்த்ததுபோலத் தோன்றுவதற்காக ஒழுங்கற்ற இடைவெளிகளில் காடி வெட்டி, காடிக்குள் கருநிறம் ஏற்றினார்கள். ஒழுங்கின்மை என்பதும் கணக்குத்தான். 16 அங்குலத்துக்கு ஒரு முறை ஒரு காடி கட்டாயம் வந்துவிடும். ஏனென்றால் சுவருக்குள் சட்டங்கள் நிற்பது அந்த இடைவெளியில், ஆணியைக் காடியின் இருட்டில் ஒளித்துவிடலாம். எதேச்சையைக்கூடத் தொழிற்சாலையில் தயாரித்திருக்கிறார்கள். இந்த விவரத்தின் மீது எனக்கு ஒரு மாதிரியான பிரியம் உண்டு.

இந்தத் தகட்டின் முன் நின்றுகொண்டு, பெயிண்ட் அடித்தால் மரத்தின் உண்மையை மறைத்துவிடுவோமே என்று ஒருவர் கலங்குகிறார். அவர் மறைக்கப்போவது ஒரு மரத்தின் படத்தை. அதுவும், அசல் மரத்தை இழைப்புளியால் சீவி, அதன் வாசனையிலேயே நாளெல்லாம் நிற்கிறவர்.

நம்மிடையேயும் ரேகை அச்சடித்த தகடுகள் உண்டு. கதையில் நாலு வட்டாரச் சொல்லைத் தூவி, பேச்சின் இழுவையை எழுத்துக்கூட்டி வைத்துவிட்டால் மண்வாசனை வந்துவிட்டதாக எழுத ஆட்கள் இருக்கிறார்கள். சொல் அந்த ஊருடையதுதான். பேசுகிறவன் கணக்குப் பார்க்கிற விதம், பயப்படுகிற விஷயம், கோபத்தை அடக்கிக்கொள்கிற இடம் எதுவும் எந்த ஊருடையதும் அல்ல. அலங்காரமற்ற உரைநடை என்று நாம் கொண்டாடியதிலும் ஒரு பகுதி இப்படித்தான், எளிமையின் ரேகை மேலே அச்சாகியிருக்கிறது. இது தனியாக எழுத வேண்டிய விஷயம், சுவருக்கு வருவோம்.

சில கராஜ்களில் அசல் மரமே இருக்கிறது. நாக்கும் காடியுமாகக் கோத்த பைன் பலகை, கணுக்களோடு. பிரச்னை கடினமாவது இங்கேதான். கணு நிறைந்த பைனின் மேல் தண்ணீரில் கலக்கிற பெயிண்டை நேராக அடித்தால், ஒவ்வொரு கணுவும் கொஞ்ச நாளில் மஞ்சள் கலந்த பழுப்பு வட்டமாக மேலே வந்து நிற்கும். இன்னொரு கோட் அடித்தால் மறுபடியும் வரும். கணுவில் பிசின் இருக்கிறது, நிறம் இருக்கிறது, மரம் வெட்டிப் பல வருஷங்கள் ஆன பிறகும் அவை அடங்குவதில்லை. அச்சடித்த தகட்டிலோ நேர் எதிரான தொல்லை. அது எதையும் வெளியே விடுவதில்லை, உள்ளே வாங்குவதுமில்லை. அதன் வழவழப்பின் மேல் பெயிண்ட் ஒரு தோல்போலக் காய்ந்து, நகத்தால் கீறினால் உரிந்து வருகிறது. இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றுதான்: கழுவி, உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடிப்பது. (கராஜ் என்பதால் கழுவுவது முதலில், எண்ணெய்ப் பிசுக்கோடு தேய்த்தால் பிசுக்கு கீறலுக்குள் இறங்கிவிடும்.) வைத்தியம் ஒன்றானாலும் காரணம் வேறு. ஒன்றில் வாயை அடைக்க, மற்றதில் வாயைத் திறக்க.

கணுவை அடைப்பதற்குப் பழைய தொழிலாளிகள் கண்ட பொருள் அரக்கு. அது ஸ்பிரிட்டில் கரைவது. தண்ணீர்ப் பெயிண்ட்போலக் கறையைக் கரைத்து மேலே இழுத்துவராமல், சீக்கிரம் உலர்ந்து அடைத்துக்கொள்கிறது. இன்றும் கணுவுக்கு ஷெல்லாக் பிரைமர்தான் நிச்சயமானது என்கிறார்கள். அமெரிக்கச் சுவரில் அடிக்கிற அந்தப் பிரைமரின் மூலப்பொருள் சோட்டா நாக்பூர்ப் பீடபூமியின் பலாச மரங்களிலும் குசும் மரங்களிலும் விளைகிறது என்பது அடிக்கிறவர்களில் பலருக்குத் தெரியாது. (ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும்மில் அரக்கு ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டதும், தற்செயலாக, மேஸனின் அதே 1924ல்தான்.) அரக்குப் பூச்சி கிளையில் ஒட்டிக்கொண்டு, தன்னையும் தன் முட்டைகளையும் காத்துக்கொள்ள உடம்பைச் சுற்றிச் சுரக்கிற மூடிதான் அந்தப் பிசின். நம் தச்சர் எதை வஞ்சனையென்று அஞ்சுகிறாரோ அதையே ஒரு உயிர் பிழைப்பதற்காகச் செய்கிறது. இதை ஒரு வாதமாக வைக்க நான் தயாரில்லை. இயற்கை செய்வதெல்லாம் தர்மம் என்று ஆரம்பித்தால் போக்கிடம் கிடையாது.

பிரைமரின் மேல் இரண்டு கோட் வெள்ளையும் அடித்தாகிவிட்டது, மரம் தொலைந்தது என்று நினைத்தால் அதுவும் இல்லை. கோடையின் ஈரக் காற்றில் உப்பியிருந்தபோது வெள்ளையடித்த பைன் பலகைகள், பனிக்காலத்தில் கணப்பின் வறண்ட காற்றில் சுருங்குகின்றன. காடிக்குள் ஒளிந்திருந்த நாக்கு ஒவ்வொரு இணைப்பிலும் மெல்லிய பழுப்புக் கோடாக எட்டிப்பார்க்கிறது. மறு கோடையில் உள்ளே போய்விடும். அச்சடித்த தகட்டின் காடி எந்தப் பருவத்திலும் இப்படித் திறக்காது, ஏனென்றால் அது இணைப்பே அல்ல, கீறல்.

மரத்தின் உண்மை அதன் தோற்றத்தில் இருக்கிறதா, இயல்பில் இருக்கிறதா என்று கேட்டிருக்க வேண்டும். தகடு தோற்றத்தில் மட்டும் வால்நட். வெள்ளையடித்த பைன் தோற்றத்தில் ஒன்றுமில்லை. உறிஞ்சுவது, கசிவது, பருவத்துக்குப் பருவம் அசைவது என்று இயல்பில் முழுக்க மரம். தச்சுத் தொழிலின் அந்தரங்கமான அறிவு முழுவதும் இயல்பைப் பற்றியது என்பதை விண்ட்ஸர் நாற்காலியில் பார்க்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஃபிலடெல்ஃபியாவிலும் சுற்றுப்புறங்களிலும் அதைச் செய்தவர்கள் ஒரே நாற்காலிக்கு மூன்று நாலு மரம் எடுத்தார்கள். இருக்கைக்குக் குடைய எளிதான பைன் அல்லது பாப்லர், காலுக்குக் கடைசலில் கூர்மையாக நிற்கிற மேப்பிள், வளைவுக்கும் முதுகுக் குச்சிகளுக்கும் வளைந்து கொடுக்கிற ஹிக்கரி அல்லது ஓக். ஒவ்வொரு மரத்தையும் அது எதைச் செய்யுமோ அதற்காக எடுத்துவிட்டு, கடைசியில் எல்லாவற்றின் மேலும் ஒரே பெயிண்டை, அநேகமாகப் பச்சையை, அடித்துவிட்டார்கள். மரத்தை இதைவிட மதித்தவர்கள் யார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பின்னாளில் வந்த சேகரிப்பாளர்கள் பலர் அந்தப் பெயிண்டைச் சுரண்டி, நாலு மரமும் நாலு நிறத்தில் இளிக்க, இதுதான் அசல் என்றார்கள்.

ஷேக்கர்கள் கதையும் இதேதான். கைவினையில் நேர்மை என்றால் அமெரிக்கர்கள் உதாரணத்துக்கு எடுப்பது இந்தத் துறவுக் கூட்டத்தாரின் மேஜை நாற்காலிகளை. அவர்கள் தாராளமாகப் பெயிண்ட் அடித்தவர்கள். 1845ல் தங்களுக்குள் எழுதிக்கொண்ட விதிகளில், தொழுகைக் கூடத்துக்கு வெளியே வெள்ளை, உள்ளே நீலச் சாயல் என்று நிறம்கூட நிர்ணயம் ஆகியிருந்தது. மரத்தின் அம்மணத்தைப் புனிதமாக்கியது அவர்கள் அல்ல, அவர்களுடைய சாமான்களைப் பிற்பாடு விலைக்கு வாங்கியவர்கள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டால் மூடுகிறவன் கையைக் கழுவிக்கொள்ளலாம் என்று ஆகிவிடாது. பச்சை அடித்த பலகை தன்னைப் பற்றி எதுவும் சொல்வதில்லை என்றேன். சொல்லாமல் இருப்பதே குற்றமாகிற இடம் ஒன்று உண்டு. ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வெள்ளை ஈயம் பல நூற்றாண்டுகள் மரத்துக்குத் தலைசிறந்த அடிப்பூச்சாக இருந்தது. மரத்தோடு ஒட்டும், அதன் அசைவுக்கு ஈடுகொடுக்கும், சீக்கிரம் வெடிக்காது. நஞ்சு என்பதும் வெகுகாலமாகத் தெரியும். கட்டடங்களின் உட்புறப் பூச்சில், சில விலக்குகளோடு, அதைத் தடைசெய்யும் உடன்படிக்கையைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1921லேயே நிறைவேற்றியது. அமெரிக்கா வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயத்தைத் தடைசெய்தது 1978ல். இந்தியாவில் ஈயத்தின் அளவை 90 பி.பி.எம்.முக்குள் கட்டுப்படுத்தும் விதிகள் 2016ல் வெளியாகி 2017ல் அமலுக்கு வந்தன. பழைய கராஜ் சுவரில் வெள்ளைக்கு அடியில் வெள்ளை இருக்கும். இரண்டில் எது எது என்று கண்ணுக்குத் தெரியாது. அதைச் சோதித்துப் பார்க்காமல் உப்புத்தாள் போடுகிறவன் கிளப்புகிற தூசி அவன் சட்டையிலும் செருப்பிலும் வீட்டுக்குள் போகிறது. தரையில் தவழுகிற குழந்தை கையை வாயில் வைக்கிறது. ஈயம் சேதப்படுத்துவது மூளையை, அந்தச் சேதம் திரும்பி ஆறுவதில்லை.

அந்த அடிப்பூச்சை அடித்தவன் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. அவனுடைய பூச்சு எதைப்போலவும் வேஷம் போடவில்லை. ரஸ்கினிடமும் லூஸிடமும் கொண்டுபோனால் குற்றமில்லை என்று விட்டுவிடுவார்கள். இருவரும் கேட்பது சுவரைப் பார்க்கிறவன் ஏமாறுகிறானா என்று. சுவரோடு இருக்கப்போகிறவன், என்றைக்காவது அதைச் சுரண்டப்போகிறவன் அவர்கள் கணக்கில் வரவில்லை. தார்மீகப் பிரச்னை என்று ஒன்று இருந்தால் அது மரத்துக்கும் பெயிண்டுக்கும் நடுவில் இல்லை, இன்று அடிக்கிறவனுக்கும் அவன் பார்க்கப்போகாத ஒருவனுக்கும் நடுவில் இருக்கிறது. பைன் சுவரில் ஈயமே இல்லாத இன்றைய பிரைமரை அடித்தாலும் இந்தக் கடன் மீதி இருக்கும். காடிக்குள்ளும் ரேகைக்குள்ளும் இறங்கிவிட்ட பூச்சை முழுக்கத் திரும்ப எடுக்க முடியாது. பின்னால் வருகிறவனுக்கு மரம் வேண்டுமா என்று கேட்க இப்போது வழியில்லை. வெளிச்சம் வேண்டும் என்பதற்காக அவன் பங்கையும் சேர்த்து இவன் செலவழிக்கிறான். செலவழிக்கலாம் என்றே நினைக்கிறேன். ரம்பத்தின் முன் நிற்கிற விரல்கள் இன்றைக்கு இருப்பவை.

பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் தொழிலில் உள்ளவர்கள் புதிதாகப் பூசும்போது, சுவரில் ஓர் இடத்தைப் பழைய பூச்சுகள் அடுக்கடுக்காகத் தெரியும்படி பூசாமல் விடுவதுண்டு. கராஜில் அதற்குத் தோதான இடம், ஆயுத அலமாரி மாட்டுகிற சுவர். அலமாரியின் முதுகு மறைக்கிற அளவுக்கு அங்கே பலகையை அப்படியே விட்டுவிட்டால் வெளிச்சம் ஒன்றும் குறையாது. பெயிண்டர்களில் சிலர் சுவிட்சு மூடியைக் கழற்றி அதன் உட்புறத்தில் எழுதிவைக்கிறார்கள்: என்ன பிரைமர், என்ன பெயிண்ட், எந்தத் தேதி.