பிள்ளைகளின் படிப்புக்கு யார் செலவழிப்பது?



ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டு பத்ருப் போரில் பிடிபட்ட மக்கா கைதிகளை விடுவிக்கப் பிணைத்தொகை பெறப்பட்டது. பணமில்லாத, ஆனால் எழுதத் தெரிந்த கைதிகளுக்கு நபி (ஸல்) அவர்கள் வேறு வழி காட்டினார்கள்: அன்சாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் விடுதலை. மதீனா அன்று வறுமையில் இருந்தது. ஆயினும் பொதுவுக்கு வரவேண்டிய பணம் கல்விக்காக விட்டுக்கொடுக்கப்பட்டது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் நம் தருமபுரி. கூலி வேலைக்குப் பெங்களூரு போகும் தகப்பனிடம் "காசிருந்தால் படிக்க வை" என்பது நீதியா? எந்தப் பிள்ளையும் தகப்பனைத் தேர்ந்தெடுத்துப் பிறப்பதில்லை. ஆகவே கல்விச் செலவு பொதுக் கருவூலத்தின் கடமை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரி செல்லும் மாணவிக்கு 2022 முதல் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் பிச்சையல்ல, அவளது உரிமை.

வசதியுள்ளவர் தனியார் பள்ளியில் சேர்ப்பது குற்றமல்ல. ஆனால் நாம் எல்லோரும் விலகிவிட்டால், அரசுப் பள்ளியில் ஆசிரியர் இல்லை, கழிப்பறையில் தண்ணீர் இல்லை என்று யார் கேட்பது? ஏழைப் பெற்றோரோடு சேர்ந்து நின்று கேளுங்கள். மறுமையில் நம் பிள்ளையைப் பற்றி மட்டுமல்ல, பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றியும் விசாரணை உண்டு என அஞ்சுவோம்.

அல்லாஹ் நமக்கு அந்தப் பொறுப்புணர்வைத் தந்தருள்வானாக! ஆமீன்.