உன் நிழலுக்கு அஞ்சாதே!

"எனக்குக் கூச்ச சுபாவம்." "மேடையெல்லாம் எனக்கு ஒத்து வராது." "நான் எப்பவுமே இப்படித்தான்." இந்தத் தீர்ப்புகளை உனக்கு எழுதிக் கொடுத்தது யார்? நீயேதான்! அப்படியானால் அவற்றைக் கிழித்தெறியும் அதிகாரமும் உனக்கே உண்டு.

1887ஆம் ஆண்டு. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஏறக்குறைய 12 வயதுச் சிறுவன் ஒருவனை இன்னொரு பையன் தள்ளிவிட்டான். தலை கல்லில் மோதியது. விழுந்த அந்த நொடியிலேயே, 'இனிப் பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை' என்றொரு எண்ணம் அவனுக்குள் மின்னியது. அதன்பின் பள்ளிக்குக் கிளம்பினால் மயக்கம். வீட்டுப்பாடத்தைத் தொட்டால் மயக்கம். ஆறு மாதத்துக்கு மேல் வீட்டிலேயே கிடந்தான். ஒருநாள், பாதிரியாரான அப்பா யாரிடமோ புலம்புவது காதில் விழுந்தது. கையிலிருந்த கொஞ்சநஞ்சமும் போய்விட்டது, சம்பாதிக்க வழியில்லாமல் இவன் என்ன ஆவானோ என்று தவித்தார் அவர்.

சுரீரென்றது பையனுக்கு. அப்பாவின் அறைக்கு ஓடி லத்தீன் இலக்கணப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். பத்து நிமிடத்தில் மயக்கம். தெளிந்ததும் மீண்டும் படித்தான். இரண்டாம் முறை வந்தது. மூன்றாம் முறையும் வந்தது. அவன் புத்தகத்தை விடவில்லை. மயக்கம்தான் அவனை விட்டது! சில வாரங்களில் பள்ளிக்குத் திரும்பினான்.

அவன்தான் பின்னாளில் உலகம் போற்றிய உளவியல் மேதை கார்ல் குஸ்தாவ் யுங்.

ஊருக்குக் காட்டும் முகத்தை 'முகமூடி' என்றார் யுங். நாம் ஏற்க மறுத்து உள்ளே தள்ளிய குணங்களின் தொகுப்பை 'நிழல்' என்றார். அங்கே கோபமும் பொறாமையும் மட்டுமா கிடக்கின்றன? நீ அடக்கி வைத்த துணிச்சலும், யாரோ கேலி செய்ததால் கைவிட்ட திறமையும் அங்கேதான் இருக்கின்றன. நாடுதோறும் கதைகளில் வரும் வீரன், தாய், ஞானி ஆகிய உருவங்களை மனித குலத்தின் பொதுச் சொத்தான 'தொல்படிமங்கள்' என்றார் அவர். அந்தச் சொத்தில் உனக்கும் பங்கு உண்டு!

1913இல் உளப்பகுப்பாய்வின் முன்னோடியான பிராய்டுடன் யுங்குக்கு இருந்த உறவு முறிந்தது. அவர் மனம் கொந்தளித்தது. அப்போதும் அவர் ஓடி ஒளியவில்லை. உள்ளே எழுந்த காட்சிகளை எழுதினார், ஓவியமாகவும் தீட்டினார். அதுவே 2009இல் வெளியான 'சிவப்புப் புத்தகம்'. அந்தக் கொந்தளிப்பையே தன் வாழ்நாள் ஆய்வுக்கு ஊற்றாக்கிக் கொண்டார்.

நீயும் உன் நிழலை நேருக்கு நேர் பார். இன்றிரவே ஒரு நோட்டை எடு. பிறரிடம் உனக்கு அதிகம் எரிச்சலூட்டும் குணங்களை எழுது. அடுத்தவர் மீது நாம் ஏற்றிப் பார்ப்பது பல நேரங்களில் நம் நிழலைத்தான். 'இது என்னிடமும் இருக்கிறதா?' என்று ஒவ்வொன்றுக்கும் நேரே பதில் சொல். உன் கோபத்தைக் கட்டவிழ்த்து விடச் சொல்லவில்லை; அநியாயத்தைத் தட்டிக்கேட்கும் குரலாக அதை மாற்று. உன் பயத்தை, முன்கூட்டியே தயாராகும் பழக்கமாக மாற்று.

மயக்கம் வரும், வரட்டும். தெளிந்ததும் புத்தகத்தை மறுபடி திற! உன்னில் பாதியை ஒளித்து வைத்துக்கொண்டு முழு வெற்றியைக் கேட்காதே. முழு மனிதனாக எழுந்து நில். வெற்றியை உரிமையோடு கேள்!