சொல்லிவிட்டால் போதுமா?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகக் கால்பந்து அணிக்கு 46 ஆண்டுகள் தலைமைப் பயிற்சியாளராய் இருந்தவர் ஜோ பட்டெர்னோ. நன்னடத்தையின் ஆசானென்றே மக்கள் அவரைப் போற்றினர். அவரிடம் துணைப் பயிற்சியாளராய் இருந்து ஓய்வுபெற்ற சாண்டஸ்கி, குளியலறையில் ஒரு சிறுவனிடம் தகாத முறையில் நடந்துகொண்டதை இளம் உதவியாளர் ஒருவர் 2001இல் அவரிடம் தெரிவித்தார். பட்டெர்னோ மேலதிகாரியிடம் சொன்னார், அத்துடன் அமைந்தார். 2012இல் சாண்டஸ்கி 45 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று.

‘சொன்னாயா?’ என்று கேட்பது சட்டம். ‘அந்தச் சிறுவன் என்னவானான்?’ என்று கேட்பது மனச்சான்று. உடன் உழைத்தவரைத் தீர்ப்பிட நாம் யார் எனலாம். ஆனால், விசாரிக்கச் செய்வது தீர்ப்பிடுவதாகாது. எவருடைய சொல்லுக்கு ஊர் செவிசாய்க்குமோ, அவருடைய மௌனத்துக்கும் அதே எடையுண்டு. இன்னும் செய்திருக்கலாமே என்று 2011இல் அவரே வருந்தினார். அதற்குள் பத்து ஆண்டுகள் கடந்திருந்தன.