இணக்கமா, நிர்ப்பந்தமா?

பட்டாபிராம் புகைவண்டி நிலையத்திலிருந்து வெளிவந்து, சென்னை - திருவள்ளூர் நெடுஞ்சாலையை நோக்கி நடப்போர் ஒரு காட்சியைக் காணாமல் செல்ல இயலாது. தேநீர்க் கடை, இளநீர் வண்டி, பூக்கூடை என எங்கு நோக்கினும், கறுப்பும் வெளுப்புமான கட்டங்கள் நிறைந்த சதுர அட்டையொன்று தொங்குகிறது. 1994-ஆம் ஆண்டில் ஜப்பானில், மோட்டார் உதிரிப் பாகங்களைக் கணக்கிடுவதற்காக உருவாக்கப்பட்ட க்யூ.ஆர். குறியீடு அது. தொழிற்சாலையில் பிறந்த அக்குறி பூக்கூடைக்கு வந்து சேர்ந்தது எவ்வாறு? எளிய வணிகர் அதனை விரும்பி ஏற்றனரா, வேறு வழியின்றி ஏற்றனரா? இஃது ஒழுக்கவியல் சார்ந்த வினா என்றே நாம் கருதுகிறோம்.

'அரசு ஆணையிட்டது; மக்கள் பணிந்தனர்' என்று சிலர் கூறுவர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1294-இல் ஈரானை ஆண்ட கைகாத்து என்னும் மங்கோலிய மன்னர், சீனத்தைப் பின்பற்றித் தப்ரீஸ் நகரில் காகிதப் பணத்தைப் புகுத்தினார். வணிகர் கடைகளை அடைத்தனர். சில வாரங்களிலேயே அத்திட்டம் கைவிடப்பட்டது. 1330-ஐ ஒட்டித் தில்லியில் முஹம்மது பின் துக்ளக், செம்பு, பித்தளைக் காசுகளை வெள்ளி நாணயத்துக்கு ஈடாகச் செல்லும்படி அறிவித்தார். கள்ளக் காசுகள் பெருகின. இறுதியில் சுல்தானே அவற்றைத் திரும்பப் பெற்றுக் கொண்டார். ஆணை ஒரு பொருளை வாசல் வரை கொண்டு வரும். உள்ளே அழைப்பது மக்களின் நம்பிக்கையே.

நம் காலத்திலும் இதுவே நிகழ்ந்தது. யு.பி.ஐ. முறை 2016 ஏப்ரலில் அறிமுகமாயிற்று. அவ்வாண்டு நவம்பர் 8-ஆம் நாள் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்கள் செல்லாவென அறிவிக்கப்பட்டபோது, புழக்கத்திலிருந்த பண மதிப்பில் ஏறத்தாழ 86 விழுக்காடு ஒரே இரவில் முடங்கியது. இடர்ப்பாடு பலரைக் கைப்பேசியின் பக்கம் தள்ளியது உண்மை. ஆனால் புதிய தாள்கள் வந்தபின் ரொக்கமும் தன் இடத்துக்கு மீண்டது. நிலைத்த மாற்றத்தை விளைவித்தவை வேறு காரணங்கள். சில்லறைத் தொல்லை தீர்ந்தது. 2020 ஜனவரி முதல், யு.பி.ஐ. வழியே பணம் பெறும் வணிகரிடம் கட்டணம் வசூலிப்பது நீக்கப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சில் வந்த ஊரடங்கு, தாளைத் தொடவும் அஞ்ச வைத்தது. பின்னர், வந்த தொகையை உரக்கச் சொல்லும் சிறு பெட்டி, எழுத்தறியாதவருக்கும் துணையாயிற்று.

இவை அனைத்தினும் வலியது, வாடிக்கையாளரின் பழக்கம். 2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 மாடிகள் கொண்ட டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அத்தகைய இடங்களில் பணிபுரியும் இளைஞர் பலர் பணப்பையின்றியே தேநீர் அருந்த வருகின்றனர். 'ரொக்கம் மட்டுமே' என்று சொல்லும் கடைக்காரர், அடுத்த கடைக்கு அவர்களை அனுப்பி வைத்தவராகிறார்.

வணிகத்துக்கு இரு தரப்பாரின் 'ரிளா', அஃதாவது மனமொப்புதல், இன்றியமையாதது என்பது ஃபிக்ஹு நூல்களின் அடிப்படை. 'இக்ராஹ்' எனும் நிர்ப்பந்தம் அதனைக் குலைக்கும். நம் தேநீர்க் கடைக்காரரை எவரும் வாள் காட்டி மிரட்டவில்லை. எனினும், மறுத்தால் பிழைப்புக் குறையும். பலரது வசதி ஒன்றுகூடி வழக்கமாகும்போது, அவ்வழக்கமே ஒருவருக்கு மென்மையான நிர்ப்பந்தமாகவும் அமைந்து விடுகிறது.

புதுமை என்பதற்காக நாம் இதனை வெறுக்கவில்லை. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு பணிப்பது திருமறையின் மிக நீண்ட வசனமே. வழிப்பறிக்கு அஞ்சி, பணத்துக்குப் பதிலாகச் சீட்டை எடுத்துச் சென்ற 'ஸுஃப்தஜா' முறையும் பழைய சட்ட அறிஞர் ஆராய்ந்ததே. நம் கவலை வேறு.

சென்ற ஆண்டு, நாம் வழக்கமாகப் பூ வாங்கும் மூதாட்டியிடம் இருபது ரூபாயைக் கைப்பேசி வழியே செலுத்தி, "பணம் வந்துவிட்டதா அம்மா?" என்று வினவினோம்.

"பொட்டி சத்தம் போட்டுச்சே பாய். துட்டு பையன் கணக்குக்குப் போயிடும். கேட்டா குடுப்பான்" என்றார்.

'கேட்டா' என்ற அச்சொல் நம்மைத் தைத்தது. விடியலில் எழுந்து பூ வாங்கித் தொடுத்தவர் அவர். தம் உழைப்பின் பயனை இனிக் கேட்டுப் பெற வேண்டியவரும் அவரே. முன்பு இடுப்பிலிருந்த சுருக்குப்பை அவருடைய ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. மகன் நல்லவனாகவே இருக்கலாம். ஆயினும் அப்பணம் அவனிடம் அமானிதம் என்பதை எவரும் அவனுக்கு உணர்த்தியதாகத் தெரியவில்லை. தாயின் பெயரிலேயே கணக்கும் அட்டையும் அமைத்துத் தருவது இயலாததன்று. எளிய கைப்பேசிகளுக்கான முறையையும் ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சிலேயே தொடங்கி வைத்துள்ளது. குறை கருவியில் இல்லை. அவரைக் கலந்து கொள்ளாமல் அவர் கூடையில் அட்டையைக் கட்டியதில் உள்ளது.

2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யு.பி.ஐ. வரவுகளைக் கொண்டு சிறு வணிகர்க்கு அறிவிப்புகள் அனுப்பியது. உடனே பெங்களூரில் கடைக்காரர் பலர் அட்டைகளை அகற்றி, 'ரொக்கம் மட்டும்' என எழுதி வைத்தனர். வரி செலுத்துவது கடமை என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயின், தம் வரவுகள் யாவும் ஏடேறுகின்றன என்பதையும், அதனால் விளைவதையும் முன்கூட்டியே அறிந்திருந்தால் அவர்கள் இவ்வாறு அதிர்ந்திருப்பார்களா? அறியாமல் கொடுத்த இணக்கம், அறிந்த மறுநாள் உதிர்ந்து விட்டது.

ஆகவே, எத்தனை கடைகளில் அட்டை தொங்குகிறது என்பது இணக்கத்துக்குச் சான்றாகாது. ஏற்பது இன்னதென அறிந்திருத்தல், வேண்டாமெனில் மறுக்க இடமிருத்தல் ஆகிய இரண்டும் இருக்குமிடத்திலேயே அது மெய்யான இணக்கம். அந்த இடத்தைக் காத்துத் தருவது அரசுக்கு மட்டுமன்றி, வாங்குவோராகிய நமக்கும் கடமை.

இப்போதெல்லாம் நாம் சட்டைப்பையில் சில பத்து ரூபாய்த் தாள்களை வைத்துக் கொண்டே அவ்வழியே செல்கிறோம். எப்படிக் கொடுக்கட்டும் என்று அம்மூதாட்டியிடமே கேட்கிறோம். அவர் பெரும்பாலும் கையைத்தான் நீட்டுகிறார்.